எட்டு மணி நேரக் காற்று

அந்த மேடத்திடம் 'ரொம்ப' என்று சொல்லிவிட்டு யாரும் தப்ப முடியாது. "ரொம்ப நாத்தம் மேடம்" என்றால், "ரொம்பன்னா எவ்வளவு?" என்பாள். "ரொம்ப நேரமா அடிக்குது" என்றால், "எத்தனை நிமிஷமா?" என்பாள். பேக்கிங் பகுதிப் பெண் ஒருத்தி ஒருநாள் ஆசையாக, "உங்க சேலை ரொம்ப நல்லாருக்குது மேடம்" என்று சொல்லிவிட்டாள். மேடம் அவளை ஏற இறங்கப் பார்த்து, "எதை விட?" என்று கேட்டாள். அந்தப் பெண் அதற்கப்புறம் லேப் இருந்த திசையில் தலைவைத்தும் படுக்கவில்லை.

நேரில் 'வாங்க மேடம், போங்க மேடம்'தான். மனதுக்குள் எப்போதும் அவள், இவள். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன், இனிமேல் யாருக்குப் பயப்பட வேண்டும்?

தொண்ணூறுகளின் தொடக்கம். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகிற வழியில், சூளகிரி தாண்டி உள்ளே ஒதுங்கியிருந்த மாம்பழக் கூழ் கம்பெனி அது. வைகாசி, ஆனி பிறந்தால் லாரி லாரியாகப் பழம் வந்து இறங்கும். கூழ் டின்னுக்குள் போய்க் கப்பலேறிவிடும். கழுவிய தண்ணீர், தோல், நார், சக்கை எல்லாம் பின்பக்கச் சுத்திகரிப்பு நிலையத்தில் எங்கள் தலையில் விழும். அங்கே முதலில் தரைக்குக் கீழே ஒரு மூடிய தொட்டி, அதைச் சம்ப் என்போம். அடுத்து காற்றடித்துக் கலக்குகிற பெரிய தொட்டி, கடைசியில் தெளிகிற தொட்டி. மாம்பழத் தண்ணீர்தானே, மணக்கும் என்று நினைப்பவர்கள் அந்தப் பக்கம் வந்ததில்லை. சம்ப்பில் இரண்டு நாள் கிடந்தால் கூமுட்டை நாற்றம் எடுத்துக் குடலைப் புரட்டும். வேலிக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் மனுமேல் மனுவாகப் போட்டதில், தண்ணீரை மட்டும் சோதித்தால் போதாது, அதிலிருந்து கிளம்புகிற காற்றையும் அளந்து எழுது என்று மேலிடத்து உத்தரவு வந்தது. காற்றை அளக்க வந்தவள்தான் மேடம்.

அந்த லேபில் நான் அதற்கு முன்பே ஆறு வருஷம். கெலமங்கலத்திலிருந்து தினம் இரண்டு பஸ் மாறி வருவேன். லேபின் பொறுப்பு எனக்குத்தான் வரும் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். என் வீட்டுக்காரருக்கு ஓசூரில் வேலை போய் ஒரு வருஷமாகியிருந்தது. அந்த நேரத்தில் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து எம்.எஸ்சி. படித்த இவள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். வயிறெரிந்தது, சொல்வதில் என்ன வெட்கம்.

அவள் கூடவே ஒரு பெட்டியும் வந்தது. உள்ளே சின்ன மோட்டார். அது காற்றை உறிஞ்சி, மருந்துத் தண்ணீர் ஊற்றிய கண்ணாடிக் குழாய்களுக்குள் குமிழ் குமிழாக விடும். காற்றில் கெட்ட வாயு இருந்தால் மருந்து அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எட்டு மணி நேரம் ஓடவிட்டு, அப்புறம் சோதித்தால் அந்த எட்டு மணி நேரத்தின் சராசரி கிடைக்கும். அந்தச் சராசரி ஒருநாளும் வரம்பைத் தாண்டவில்லை. காலையில் காற்றடிக்கிற மோட்டாரைப் போட்டதும் பத்து நிமிஷம் ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடும், மற்ற நேரம் சும்மா இருக்கும். எட்டு மணி நேரத்தில் பரப்பிப் போட்டால் அந்தப் பத்து நிமிஷம் காணாமல் போய்விடும். புரட்டு எதுவும் கிடையாது. அவள் அளந்தது அத்தனையும் சரி, அதுதான் எரிச்சல்.

வேலிக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருநாள் மனைவியை டிவிஎஸ் ஐம்பதில் உட்கார வைத்துக் கூட்டி வந்தார். அந்த அம்மாள் முகம் வெளிறி, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டிருந்தாள்.

"காலைல இருந்து வாந்திங்க. தலை கிர்ருனு சுத்துதுங்கறா. உங்க நாத்தத்துல மனுசன் உசுரோட இருக்க முடியாதுங்க மேடம்."

மேடம் பேனாவைத் திறந்தாள். "எத்தனை மணிக்கு?"

"காலைலங்க."

"காலைலன்னா எத்தனை மணி? அப்ப காத்து எந்தப் பக்கம் அடிச்சுது?"

மேடம் கோடு போட்ட ஒரு தாளை எடுத்து நீட்டினாள். தேதி, நேரம், காற்றின் திசை, நாற்றம் எவ்வளவு நேரம் என்று நான்கு கட்டம். "இதுல எழுதிட்டு வாங்க. நான் என் கணக்கோட வெச்சுப் பார்க்கறேன்."

"எங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்களே."

"அப்ப எழுதத் தெரிஞ்சவங்களை மோந்து பாக்கச் சொல்லுங்க."

கிண்டலுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே வழி சொன்னதாக நினைத்துக்கொண்டாள். அந்த அம்மாள் வாசற்படி தாண்டுவதற்குள் மறுபடி வாந்தி எடுத்தாள். மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்து, பத்து இருபத்தி இரண்டு என்று எழுதிக்கொண்டாள். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கத் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை, அது வேறு விஷயம்.

ஆனால் ஒன்று. யாருக்கும் வளையமாட்டாள். பெட்டியைக் காற்று வருகிற பக்கமாக வைத்தால் சுத்தமான காற்றுதான் கிடைக்கும், காற்று போகிற பக்கம் வைத்தால்தான் நாற்றம் கிடைக்கும். மேலிடத்து அதிகாரி வர இருந்த ஒருநாள் மேனேஜர் நேரில் வந்து, "கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி வைங்களேன்" என்று சிரித்தார். மேடம் அவர் முன்னாலேயே ரிஜிஸ்டரில் எழுதினாள்: 'பெட்டியை இடம் மாற்றும்படி மேனேஜர் கேட்டார். மாற்றவில்லை. காலை 9.05.' எழுதியதை அவருக்கே படித்தும் காட்டினாள். அன்று பகல் முழுக்க நான் பாத்ரூமுக்குள் போய்ப் போய்ச் சிரித்தேன். அடி சக்கை என்று மனதுக்குள் அவளைத் தட்டிக் கொடுத்தேன். அந்த ரிஜிஸ்டரில் தப்பாக எழுதியதைக்கூடக் கிழிக்க மாட்டாள். படிக்கிற மாதிரி மேலே ஒற்றைக் கோடு போட்டு, 'செல்லாது' என்று எழுதி, காரணமும் எழுதிக் கையெழுத்துப் போடுவாள்.

என் அப்பா இறந்து பதினாறாம் நாள் முடித்து வேலைக்கு வந்தேன். லீவு எழுத வேண்டும். "அப்பா எப்ப தவறினாங்க?" என்று கேட்டாள். விடியக்காலையில் என்றேன். "விடியக்காலைன்னா எத்தனை மணிக்கு?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. அசந்து தூங்கிவிட்டேன், எழுந்து பார்க்கும்போது அப்பா சில்லென்று கிடந்தார். அதைச் சொன்னேன். மேடம் பேனாவை நிறுத்தி, "அப்ப அவர் விடியக்காலைல போனார்னு எப்படிச் சொல்றே?" என்று கேட்டாள். கட்டையில போறவளே என்று வாய்வரைக்கும் வந்தது. அன்றிலிருந்து அவள்மேல் இருந்தது வெறும் பொறாமை இல்லை.

சம்ப்பில் இறங்கிச் சக்கை எடுக்கிறவன் மாரப்பன். காண்டிராக்ட் ஆள். அவன் மனைவி மாதம்மா மேலே நின்று வாளியை இழுத்துக் கொட்டுவாள். பக்கத்து ஊர்க்காரர்கள், அவனுக்குத் தெலுங்கு, அவளுக்குக் கன்னடம், எங்களோடு பேசத் தமிழ். இறங்குவதற்கு முன்னால் மாரப்பன் ஒரு கோழிக்குஞ்சைக் கூடையில் வைத்துக் கயிறு கட்டி உள்ளே விடுவான். ஒரு பீடி பிடித்து முடிக்கிற நேரம் கழித்து மேலே இழுப்பான். குஞ்சு கத்தினால் இறங்குவான், தொங்கிப்போய் வந்தால் மூடியைத் திறந்துபோட்டுவிட்டு மறுநாள் வருவான். அவன் அப்பன் கிணறு தூர் வாருகிற காலத்திலிருந்து அப்படித்தான்.

மேடம் இதை ஒருநாள் பார்த்துவிட்டாள்.

"என்ன இது?"

"காத்து பாக்கறதுங்க மேடம்."

"கோழி செத்தா எதனால செத்துச்சுன்னு கோழி சொல்லுமா? எவ்வளவு இருந்துச்சுன்னு சொல்லுமா? இனிமே இது கூடாது. இறங்கறதுக்கு முன்னாடி என்கிட்ட சொல்லு, மிஷின் வெச்சு அளந்து தர்றேன்."

மாரப்பன் தலையைச் சொறிந்துகொண்டு சரி என்றான். கேட்டுக்கொண்டிருந்த மாதம்மாவுக்குச் சந்தோஷம்கூட. "படிச்சவங்க பாக்கறது நல்லதுதானே" என்றாள். சொன்ன மாதிரியே மேடம் அதே பெட்டியைச் சம்ப்பின் வாயில் அரை மணி நேரம் ஓடவிட்டு, ஏழெட்டுத் தடவை அளந்து தந்தாள். இரண்டு தடவை வேண்டாம் என்று நிறுத்தியும் இருக்கிறாள். கோழிக்கூடை அவன் வீட்டுக்குப் போய்விட்டது.

அந்த நாள் ஆனி மாதம். பழம் குவிந்து கிடக்கிறது. சம்ப்பில் நாரும் சக்கையும் போய்ப் பம்ப்பு அடைத்துக்கொண்டது. தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது, விட்டால் தொழிற்சாலைக்குள்ளேயே திரும்பிவிடும். சூப்பர்வைசர் குதிக்கிறான், ஆள் இறங்கியே ஆக வேண்டும். பெட்டியோ ஊர் வேலி ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மாலையில் அதிகாரி வந்து அந்த எட்டு மணி நேரக் கணக்கைக் கேட்பார்.

எங்களிடம் இன்னொரு சாமான் இருந்தது, லெட் பேப்பர். ஈய மருந்து தோய்த்த வெள்ளைத் தாள் துண்டு. ஈரம் பண்ணித் தொங்கவிட்டால், அந்தக் கூமுட்டை வாயு பட்டதும் பழுப்பாகும், அதிகமிருந்தால் கருக்கும். எவ்வளவு என்று எண் சொல்லாது. அதனாலேயே மேடம் அதைத் தொடமாட்டாள். நான் யாரையும் கேட்காமல் ஒன்றை எடுத்து நனைத்து, நூலில் கட்டிச் சம்ப்பின் வாயில் விட்டேன். விட்டதுதான் தெரியும், தோசைக்கல் அடிபோலக் கறுத்துவிட்டது. மாதம்மா பக்கத்தில் நின்று பார்த்தாள். "அய்யோ தேவரே" என்று கன்னடத்தில் சாமியைக் கூப்பிட்டாள்.

தாளை எடுத்துக்கொண்டு வேலி ஓரத்துக்கு ஓடினேன். "மேடம், பெட்டியைக் கொண்டு வாங்க. உள்ள பாருங்க, எப்படிக் கறுத்திருக்குது."

"எத்தனை நிமிஷம் வெச்சே?"

"பார்க்கலை மேடம்."

"எவ்வளவு ஆழத்துல?"

"அதெல்லாம் அளக்கலை மேடம், கறுத்திருக்குது பாருங்க!"

"இப்ப மிஷினை நிறுத்தினா இந்த எட்டு மணி நேரமும் போச்சு" என்றாள். ரிஜிஸ்டரை முழங்காலில் வைத்து என் பெயரையும் பேப்பர் கறுத்ததையும் எழுதி, அதன்மேல் ஒற்றைக் கோடு போட்டு, 'செல்லாது, நேரமும் ஆழமும் குறிக்கப்படவில்லை' என்று எழுதினாள். அதற்குள் சூப்பர்வைசர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான்.

"மேடம், ஆளை எறக்கட்டுங்களா?"

"நான் அளக்கலை. எதுவும் சொல்ல முடியாது."

'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல அவளிடம் எண் இல்லையாம். வேண்டாம் என்று சொல்லவில்லையே என்று சூப்பர்வைசர் திரும்பி ஓடினான். நான் அவன் பின்னால் போனேன், கையில் அந்தத் தாளோடு.

மாரப்பன் சம்ப்பின் வாயருகே குனிந்து நன்றாக மூக்கை இழுத்துப் பார்த்தான். "காலைல அந்த நாத்தம் நாறுச்சு. இப்ப ஒண்ணுமே இல்லீங்களே. காத்து போயிருச்சாட்ட இருக்குது" என்றான். சூப்பர்வைசரும் குனிந்து பார்த்து, ஆமாம், நாற்றமே இல்லை என்றான். அந்த வாயு அதிகமானால் முதலில் மூக்கைத்தான் கொல்லும். நாற்றம் நின்றுவிட்டது என்றால் மூக்கு நின்றுவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தில் அது தெரிந்தவள் நான் ஒருத்திதான், காலேஜில் படித்திருக்கிறேன். மாரப்பன் என்னைப் பார்த்து, "என்ன பாப்பா, எறங்கட்டுமா?" என்று கேட்டான். "மேடம் பார்த்துக்குவாங்க அண்ணா" என்றேன்.

ஏணியில் நாலு படி இறங்கியிருப்பான். கையை விட்டுவிட்டான், கத்தக்கூட இல்லை. மாதம்மா வாளியைப் போட்டுவிட்டு ஏணிக்குப் பாய்ந்தாள். எங்கிருந்து அப்படி ஓடி வந்தாளோ, மேடம் பின்னாலிருந்து அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்துக் கீழே தள்ளி மேலேயே படுத்துக்கொண்டாள். "இறங்கினா நீயும் செத்துடுவே" என்று கத்தினாள். மாதம்மா அவளைக் கடித்தாள், அறைந்தாள். மேடம் விடவில்லை. கொக்கி போட்டு ஆளை மேலே தூக்க முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அன்று மேடம் பிடிக்காமல் விட்டிருந்தால் இரண்டு பிணம். அதை நான் மறுக்க மாட்டேன்.

மூன்று மணி நேரம் மூடி திறந்து கிடந்த அதே சம்ப்பை, சாயந்திரம் அவள் பெட்டி வைத்து அளந்தாள். வரம்புக்குள் இருந்தது. இருந்ததை எழுதினாள். கம்பெனி அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டது. வாயு இல்லை, ஆள் குடித்துவிட்டு இறங்கி ஏணியிலிருந்து தவறினான் என்று எழுதிவிட்டார்கள். மாரப்பன் குடிக்கிறவன் இல்லை. மகள் பிறந்தபோது சாமி முன்னால் சத்தியம் பண்ணிவிட்டு நிறுத்தியவன், ஊருக்கே தெரியும். இரண்டாம் நாள் மேனேஜர் ரிஜிஸ்டரைப் பத்திரப்படுத்துவதாக வாங்கிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது அந்தத் தேதியின் பக்கம் இல்லை. மேடம் அடுத்த பக்கத்தில், 'முந்தைய பக்கம் இல்லை' என்று எழுதி, நேரம் போட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

மாதம்மா என்னை சூளகிரி பஸ் ஸ்டாண்டில் பிடித்தாள். "வேற ஒண்ணும் வாணாம் பாப்பா. என் ஊட்டுக்காரரு பேரு குடிகாரன்னு காயிதத்துல இருக்கக் கூடாது. நாளைக்கு என் மகளைக் கேட்டு வர்றவன் அதையில்ல கேப்பான். பேப்பர் கறுத்ததை நீ பாத்தே, நானும் பாத்தேன். நான் சொன்னா யாரு நம்புவாங்க? விசாரணைல நீ ஒரு வார்த்தை சொல்லு."

"சொல்றேன் அக்கா" என்றேன். சத்தியமாகச் சொல்லத்தான் நினைத்தேன்.

விசாரணைக்கு முதல் நாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். "சீசன் முடிஞ்சா மேடம் இருக்க மாட்டாங்க. லேபைப் பாத்துக்க நம்பிக்கையான ஆள் வேணும். உன் வீட்டுக்காரருக்கும் ஸ்டோர்ஸ்ல ஏதாவது பார்க்கலாம்" என்றார். அதற்குமேல் ஒரு சொல் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

கிருஷ்ணகிரியில் ஒரு அரசு அலுவலகத்தில் விசாரணை. மாதம்மாவை முதலில் கேட்டுவிட்டு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார வைத்துவிட்டார்கள். உள்ளே அதிகாரி, மேனேஜர், மேடம், நான்.

"ஆள் இறங்கறதுக்கு முன்னாடி உள்ள வாயு இருந்துச்சாம்மா?"

"நான் அளக்கலை சார்" என்றாள் மேடம்.

"அப்ப இல்லைன்னு வெச்சுக்கலாமா?"

"வெச்சுக்க முடியாது சார். அன்னைக்கு இவங்க லெட் பேப்பர் வெச்சாங்க. கறுத்துச்சு. நேரம் குறிக்கலைன்னு நான்தான் செல்லாதுன்னு அடிச்சேன். இறக்கட்டுமான்னு கேட்டப்ப வேண்டாம்னும் சொல்லலை. அது தப்புன்னா என் தப்பு, எழுதிக்கங்க. அந்தப் பக்கம் இப்ப ரிஜிஸ்டர்ல இல்லை. பேப்பர் வெச்சவங்க இங்கதான் இருக்காங்க. கேளுங்க."

குரலில் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. அவளுடைய வேலை, பெயர், எல்லாவற்றையும் தன் கையாலேயே எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டாள். அதிகாரி என் பக்கம் திரும்பினார். மேனேஜர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படி எதுவும் வைக்கலைங்க சார்" என்றேன்.

மேடம் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். கோபமில்லை. விளங்காத ஒன்றைப் பார்க்கிற பார்வை. அதிகாரி எழுதி முடித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு எங்களை அனுப்பினார்.

வெளியே வந்ததும் மாதம்மா ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "சொல்லிட்டியா கண்ணு?"

நான் தலையாட்டினேன். நாசமாகப் போன தலை, தானாக ஆடியது.

அவள் என் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். "நீ நல்லா இருப்பே. உன் புள்ளைகுட்டி நல்லா இருக்கும். என் மகளுக்கு வழி காட்டிட்டே தாயி" என்றாள்.

"இல்லம்மா" என்றது பின்னாலிருந்து மேடத்தின் குரல். "அவங்க சொல்லலை. பேப்பரே வைக்கலைன்னுட்டாங்க. நீங்க மேல மனுப் போடணும். நான் வந்து சொல்றேன்."

மாதம்மா திரும்பினாள். என் ஒரு கையை மட்டும் விடாமல் பிடித்திருந்தாள்.

"தூ! என் ஊட்டுக்காரரைத் தூக்க உடாம என்னைக் கீழ தள்ளினவதானே நீ? கோழியை நிறுத்துனவ நீதானே? அவரைத் தின்னது பத்தாதுன்னு இந்தப் பொண்ணு மேலயும் பழி போடறியா? நாக்கு அழுகிப் போயிரும்டி உனக்கு!"

குனிந்து ஒரு பிடி மண்ணை வாரி மேடத்தின் முகத்தில் வீசினாள். பக்கத்தில் மனு எழுதிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து பார்த்தார்கள். மேடம் கண்ணைத் துடைக்கவில்லை. அந்த மண்ணோடு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வந்த நாளிலிருந்து ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அதை மாதம்மாவிடம் சொல்ல அந்த இடத்தில் நான் ஒருத்திதான் இருந்தேன்.

மாதம்மாவின் கை இன்னும் என் கையில்தான் இருந்தது. "வாங்க அக்கா, பஸ் போயிரும்" என்று அவளைக் கூட்டிக்கொண்டு நடந்தேன்.